கரையோரம் பதினெட்டு நிமிடம்

வாசகர் கேள்வி பதில்

போன இதழில் மதுரை வாசகர் ஒருவர் "வீட்டில் ஒரே ஒரு இசைத்தட்டுதான் வைத்துக்கொள்ளலாம் என்று சட்டம் வந்தால் எதை வைத்துக்கொள்வீர்கள்?" என்று கேட்டிருந்தார். யெஸ் குழுவின் 'க்ளோஸ் டு தி எட்ஜ்' என்று ஒரு வரியில் பதில் எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். அது தப்பாகப் போயிற்று. இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அந்த ஒரு வரியைப் பற்றித்தான். சிலர் உண்மையிலேயே ஆர்வமாகக் கேட்டிருக்கிறார்கள், சிலர் திட்டியிருக்கிறார்கள், ஒருவர் எனக்காக வருத்தப்பட்டிருக்கிறார். சரி, இந்த இதழ் முழுக்க அதுவே. மற்ற கேள்விகள் அடுத்த இதழுக்கு. பெயர் வேண்டாம் என்று பலர் எழுதியிருந்ததால் எல்லாருக்கும் ஊர் மட்டும்.

எம்.எஸ். இருக்கிறார், ராஜா இருக்கிறார். யாரய்யா இந்த யெஸ்? பந்தாவுக்காகச் சொன்னதுதானே? (தஞ்சாவூர்)

பந்தா காட்ட வேண்டுமென்றால் இன்னும் யாருக்கும் தெரியாத பெயராகச் சொல்லியிருப்பேன். யெஸ் லண்டனில் 1968-இல் தொடங்கிய ராக் குழு. நாம் பேசும் ஆல்பம் 1972 செப்டம்பரில் வந்தது, இங்கிலாந்துப் பட்டியலில் நான்காம் இடம், அமெரிக்காவில் மூன்றாம் இடம். ஆக, அந்தக் காலத்தில் இது மூலையில் நாலு பேர் கேட்ட சமாச்சாரம் அல்ல. பாட ஜான் ஆண்டர்சன், கிட்டாருக்கு ஸ்டீவ் ஹவ், பேஸ் கிட்டாருக்கு கிறிஸ் ஸ்கொயர், கீபோர்டுகளுக்கு ரிக் வேக்மன், டிரம்ஸுக்கு பில் ப்ரூஃபோர்ட். இதைப் பதிவு செய்தபோது ஐந்து பேரில் மூத்தவரான ஆண்டர்சனுக்கு 27 வயது. டிரம்ஸ்காரருக்கும் கீபோர்டுக்காரருக்கும் 23. எனக்கு 23 வயதில் ஒரு விண்ணப்பத்தைப் பிழையில்லாமல் நிரப்பத் தெரியாது.

எம்.எஸ்.ஸைப் பற்றி: அவர் குரல் எனக்குத் தட்டு இல்லாமலே மனதில் ஓடும். சட்டம் தட்டைத்தானே கட்டுப்படுத்தும்?

'ப்ரோக்ரெஸிவ் ராக்' என்றால் என்ன? ஒரு வரியில் சொல்லவும். (கரூர்)

மூன்று நிமிடப் பாட்டு போதாது என்று நினைத்த ராக் இசைக்காரர்கள் மேற்கத்திய சாஸ்திரிய இசை, ஜாஸ், நாட்டுப்புற இசை என்று கையில் கிடைத்ததையெல்லாம் சேர்த்துச் செய்த பெரிய சமையல். சில சமயம் விருந்து, சில சமயம் அஜீரணம்.

கேட்டுப் பார்த்தேன். முதல் பாட்டு பதினெட்டு நிமிடத்துக்கு மேல் ஓடுகிறது. பாதியில் நிறுத்திவிட்டேன். யாருக்கு இவ்வளவு நேரம் இருக்கிறது? (சேலம்)

எந்த இடத்தில் நிறுத்தினீர்கள் என்று எழுதியிருந்தால் சௌகரியமாக இருந்திருக்கும். இரண்டாவது நிமிடத்தில் என்று ஊகிக்கிறேன். எல்லாரும் அங்கேதான் ஓடிப்போகிறார்கள்.

ஆல்பத்தில் மொத்தமே மூன்று பாட்டுகள். தட்டின் முதல் பக்கம் முழுக்க 'க்ளோஸ் டு தி எட்ஜ்'. இரண்டாவது பக்கத்தில் 'அண்ட் யூ அண்ட் ஐ', 'சைபீரியன் கத்ரூ'. மூன்றும் சேர்ந்து 38 நிமிடத்துக்குள் முடிந்துவிடும், அதாவது நம் சினிமாவின் இடைவேளைக்கு முன்பாதியில் பாதி. ஒரு பக்கத்துக்குச் சுமார் இருபது நிமிடம் தாங்கும் தட்டில் ஒரு பக்கத்தை ஒரே பாட்டுக்கு எழுதி வைத்துவிட்டார்கள்.

இப்போது என்னோடு வாருங்கள். முதலில் பறவைகள், ஓடும் தண்ணீர், காற்றில் ஆடும் மணிகள், மெல்ல மெல்ல ஒலி ஏறுகிறது. ஏறி ஏறி வந்து சட்டென்று கிட்டார், பேஸ், டிரம்ஸ் எல்லாம் ஒரே நேரத்தில் சந்தைக்குள் மாடு புகுந்த மாதிரி பாய்கின்றன. ஆளுக்கொரு பக்கம் இழுப்பது போலத்தான் முதலில் தோன்றும். நடுநடுவே எல்லாம் டக்கென நின்று குரல்கள் மட்டும் "ஆ" என்று ஒரு கணம் தொங்கும், மறுபடி பாய்ச்சல். நீங்கள் நிறுத்தியது இங்கேதான் என்று நினைக்கிறேன். இன்னும் ஒரு நிமிடம் பொறுத்திருந்தால் மூன்றாவது நிமிடத்தை ஒட்டி அந்தக் கூச்சலிலிருந்து ஹவ்வின் கிட்டார் ஒரு மெட்டைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்திருக்கும். மழை விட்டதும் தெருவில் வெயில் விழுமே, அப்படி. அந்த மெட்டின் வெளிச்சம் அதற்கு முன்னால் அந்த இருட்டு இருந்ததால்தான் வருகிறது, தனியாக வெட்டி ரிங்டோனாக வைத்துப் பார்த்திருக்கிறேன், ஒன்றுமே இல்லை.

பாட்டு வாயைத் திறக்கவே கிட்டத்தட்ட நான்கு நிமிடம் ஆகிறது. அப்புறம் எட்டரை நிமிடம் வாக்கில் எல்லாம் அடங்கிவிடும். குகைக்குள் தண்ணீர் சொட்டுவது போல கீபோர்டு, அதன்மேல் ஆண்டர்சன் ஒரு மெட்டைப் பாட, ஹவ்வும் ஸ்கொயரும் வேறு வரிகளை வேறு மெட்டில் குறுக்கே பாடுகிறார்கள். இரண்டும் மோதிக்கொள்வதில்லை, ஒரே அறையில் இரண்டு பேர் தனித்தனியாக யோசிப்பது போல இருக்கும். பன்னிரண்டாவது நிமிடத்தை ஒட்டி ஒரு தேவாலய ஆர்கன் எழும். இது ஸ்டூடியோ வித்தை அல்ல, நிஜமான குழல் ஆர்கன், லண்டனில் செயின்ட் கைல்ஸ் க்ரிப்பிள்கேட் தேவாலயத்தில் வேக்மன் வாசித்துப் பதிவு செய்தது. கவி மில்டனை அடக்கம் செய்த கோயில் அது. நல்ல ஹெட்போனில் கேட்டால் நெஞ்சுக்குழியில் அதிரும். அந்த ஆர்கனுக்குப் பக்கத்திலேயே சின்தசைசர் புகுந்து எல்லாவற்றையும் கவிழ்த்துப் போட்டுவிட்டு, ஹேமண்ட் என்ற மின்சார ஆர்கனில் வேக்மன் ஓடும் ஓட்டம் இருக்கிறதே, அதற்காகவே மின்சாரக் கட்டணம் கட்டலாம்.

கடைசியில் முதல் மெட்டு இன்னும் உயரமான இடத்தில் நின்றுகொண்டு திரும்பி வரும். பிறகு பழைய பறவைகள், பழைய தண்ணீர்.

நேரம் இல்லை என்கிறீர்கள். ராகம் தானம் பல்லவிக்கு ஒரு மணி நேரம் அசையாமல் உட்காருகிறவர்கள் நம்மில் உண்டு. சேலத்தில் பேருந்துக்குக் காத்திருக்கும் நேரத்தில் இது முடிந்துவிடும்.

நான் ஒலிப்பதிவு படிக்கிறேன். கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில் இவ்வளவு சிக்கலான பாட்டை ஒரே மூச்சில் வாசித்திருக்க முடியுமா? (சென்னை)

முடியாது, வாசிக்கவும் இல்லை. இதைத்தான் யாராவது கேட்பார்களா என்று காத்திருந்தேன்.

லண்டன் அட்விஷன் ஸ்டூடியோவில் 1972-இன் முதல் பாதியில் பதிவு நடந்தது. பதிவுப் பொறியாளர் எடி ஆஃபோர்ட், குழுவோடு சேர்ந்து தயாரிப்பாளரும் அவரே. ஒரு சிறு துண்டைத் திரும்பத் திரும்ப வாசிப்பார்கள். திருப்தி வந்ததும் அந்த டேப்பை எடுத்து வைத்துவிட்டு அடுத்த துண்டு. பிறகு ஆஃபோர்ட் பிளேடால் டேப்பை வெட்டி, ஒட்டுநாடா போட்டு ஒட்டுவார். ஆமாம், சவரம் செய்கிற மாதிரியான பிளேடுதான். இன்று நீங்கள் மவுஸில் இழுத்து விடுகிற வேலையை அவர் சாய்வாக வெட்டிய டேப்பின் இரு முனைகளையும் விரலால் பொருத்திச் செய்தார். தப்பினால் பழைய நிலைக்குத் திருப்புகிற பட்டன் கிடையாது. இந்த வேலையை எவரெஸ்ட் ஏறுவதோடு ஒப்பிட்டவர் ப்ரூஃபோர்ட். அவருக்குப் பொறுமை குறைவு என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு கதை உண்டு. இரவெல்லாம் உழைத்துத் தேர்ந்தெடுத்த ஒரு துண்டு டேப்பைக் காலையில் காணோம். துப்புரவுப் பணியாளர் குப்பை என்று நினைத்து எடுத்துப் போட்டுவிட்டார். ராக் நட்சத்திரங்கள் எல்லாரும் ஸ்டூடியோவுக்கு வெளியே குப்பைத் தொட்டிகளைக் கிளறிக்கொண்டிருந்தார்கள் என்று குழுவினரே சொல்லிச் சிரித்த கதை. எந்த இடத்துத் துண்டு என்று நான் ஒவ்வொரு முறையும் தேடுவேன். ஆறாவது நிமிடம் தொடங்கும் இடத்தில் உன்னிப்பாகக் கவனியுங்கள், ஒலியின் நிறம் சட்டென்று மாறும், வேறு ஜன்னல் திறந்த மாதிரி. ஒட்டு தெரிகிற இடம். படிக்கிற பிள்ளை நீங்கள், காதில் விழாமல் போகாது.

எனக்கு இந்த ஆல்பத்தின் மேல் இருக்கிற மயக்கமே இதுதான். நூறு துண்டாக வெட்டிய ஒன்று ஆறு மாதிரி ஓடுகிறது. அவர்கள் வித்தை காட்டினார்கள் என்று திட்டுகிறவர்கள் உண்டு. விரல் வேகம் எத்தனையோ பேரிடம் இருக்கிறது, அந்த வேகத்தைத் துண்டு துண்டாக வெட்டி, எது எதற்கு முன்னால் வர வேண்டும் என்று உட்கார்ந்து பார்க்கிற நிதானம் அந்த வயதில் எங்கிருந்து வந்தது என்பதுதான் கேள்வி.

இந்தப் பாட்டுக்கு 'சித்தார்த்தா' நாவல்தான் மூலம் என்கிறார்களே, உண்மையா? (திருச்சி)

உண்மை. ஆண்டர்சன் பலமுறை சொல்லியிருக்கிறார். ஹெர்மன் ஹெஸ்ஸே 1922-இல் எழுதிய நாவல், அறுபதுகளின் கடைசியில் மேற்கத்திய இளைஞர்கள் கையில் பகவத்கீதை மாதிரி திரிந்தது. பிராமணப் பையன் வீட்டை விட்டு வெளியேறி, துறவிகளோடு சுற்றி, கமலா என்ற கணிகையோடு வாழ்ந்து, பணம் சேர்த்து, எல்லாம் சலித்து ஆற்றில் விழுந்து சாகப் போகிறான். கரையில் நிற்கும்போது உள்ளிருந்து ஓம் என்ற ஒலி எழுகிறது. பிறகு வாசுதேவன் என்ற படகோட்டியோடு தங்கி ஆற்றைக் கேட்கக் கற்றுக்கொள்கிறான். திருலோக சீதாராம் தமிழில் மொழிபெயர்த்திருக்கிறார். அவர் உங்கள் ஊரில் வாழ்ந்து 'சிவாஜி' பத்திரிகை நடத்தியவர், நீங்கள் படிக்காமல் இருந்தால் குற்றம்.

பாட்டுத் தலைப்பை 'விளிம்புக்கு அருகில்' என்று மொழிபெயர்த்து வைத்திருந்தேன் பல காலம். மலை உச்சியில் கால் வழுக்குகிற பயம் மாதிரி. நாவலைப் படித்த பிறகு 'கரையோரம்' என்று மாற்றிக்கொண்டேன், பயம் போய்விட்டது. தலைப்பு வரியை எழுதிய ஹவ் லண்டனில் தேம்ஸ் ஆற்றங்கரையில் பாட்டர்ஸியில் குடியிருந்தவர். ஆக, ஒரு ஆறு புத்தகத்திலிருந்தும் இன்னொன்று ஜன்னலிலிருந்தும் வந்து கலந்திருக்கின்றன.

ஒரு கொசுறு. ஹெஸ்ஸேயின் அம்மா மரியா பிறந்தது நம் பக்கத்துத் தலச்சேரியில். அம்மாவின் அப்பா ஹெர்மன் குண்டர்ட், மலையாளத்துக்குப் பெரிய அகராதி செய்த பாதிரியார். அவர் 1836-இல் இந்தியா வந்ததும் முதலில் திருநெல்வேலிப் பக்கம் இருந்து தமிழ் கற்றுக்கொண்டுதான் பிறகு மலையாளத்துக்குப் போனார். அகராதி வெளிவந்தது 1872, பேரனின் நாவல் 1922, பாட்டு 1972. சரியாக ஐம்பது ஐம்பது வருடம். இதில் ஒரு அர்த்தமும் இல்லை என்று தெரியும், ஆனாலும் முதலில் கணக்குப் போட்டுப் பார்த்த அன்று வீட்டில் எல்லாரையும் எழுப்பிச் சொன்னேன். யாரும் பாராட்டவில்லை.

இங்கிலீஷ் பேராசிரியர் நான். வரிகளைப் படித்தேன். சத்தியமாக ஒன்றும் புரியவில்லை. (பாளையங்கோட்டை)

எனக்கும்தான் ஐயா. ஆண்டர்சன் சொற்களைப் பொருளுக்காக மட்டும் எடுக்கவில்லை, ஓசைக்காக எடுத்தார். சூனியக்காரி வருகிறாள், பருவங்கள் வருகின்றன, மேலே எழுகிறார், கீழே இறங்குகிறார். தில்லானாவில் ஜதியை உட்கார்ந்து பதவுரை பொழிப்புரை பார்ப்பதில்லையே. 'கத்ரூ' என்பதற்கு என்ன பொருள் என்று தெரியாமலேயே பாடிவிட்டு, பிறகு விசாரித்ததில் ஏமன் நாட்டுப் பேச்சில் 'உன் விருப்பப்படி' என்று பொருளாம் என்று சந்தோஷப்பட்டவர் அவர். இந்த விஷயத்தில் உங்கள் மாணவர்கள் யாரையும் அவரைப் பின்பற்றச் சொல்லாதீர்கள்.

மிருதங்கம் கற்கிறேன். 'சைபீரியன் கத்ரூ'வில் தாளம் எண்ண முடியவில்லை, எட்டு என்று ஆரம்பித்தால் எங்கோ போய்விடுகிறது. (மயிலாப்பூர்)

ஏனென்றால் அது எட்டு இல்லை. கிட்டார் திரும்பத் திரும்ப வாசிக்கும் அந்த முக்கிய வரி பதினைந்து. உங்களுக்கு இது கஷ்டமே இல்லை, இப்படிப் போட்டுப் பாருங்கள்: தகதிமி தகஜுணு, தகிட தகதிமி. எட்டு, ஏழு. அவ்வளவுதான். மேற்கத்தியக் காது அடுத்த எட்டை எதிர்பார்த்துக் காலைத் தூக்கும், அதற்குள் ஒரு அட்சரம் முன்னதாகவே வரி திரும்பிவிடும். படிக்கட்டில் கடைசிப் படி இருக்கிறது என்று நினைத்துக் கால் வைத்தால் தரை வந்துவிடுமே, அந்தச் சின்ன அதிர்ச்சி. அதை ஒவ்வொரு சுற்றுக்கும் கொடுத்துக்கொண்டே இருக்கிறார்கள்.

ப்ரூஃபோர்டைக் கவனியுங்கள். டிரம்ஸ்காரர்கள் வழக்கமாக எங்கே அடிப்பார்களோ அங்கே அடிக்காமல் விட்டுவிட்டு, பக்கத்து இடைவெளியில் அடிப்பார். ஸ்நேர் டிரம்மின் சத்தமே தனி, நன்றாக இழுத்துக் கட்டிய வலந்தலை மாதிரி 'டங்' என்று கேட்கும். அதே பாட்டில் எலெக்ட்ரிக் சிதார் ஒரு பிடி வந்துபோகும். சிதார் என்றதும் நம்மூர் வாத்தியம் என்று ஆசைப்பட வேண்டாம். கிட்டார் போலப் பிடித்து வாசிப்பது, தந்தி மட்டும் ரீங்காரமிடும்படி செய்திருப்பார்கள். அது முடிந்த கையோடு வேக்மன் பியானோவுக்கு முந்தைய தந்தி வாத்தியமான ஹார்ப்ஸிகார்டில், சாஸ்திரிய இசைமேதை பாக் காலத்து மனிதர் மாதிரி ஒரு ஓட்டம் ஓடுவார். சிதார் பாணி ஒலிக்கும் ஹார்ப்ஸிகார்டுக்கும் நடுவில் ஒரு மூச்சுகூட விடவில்லை.

இவ்வளவு நல்ல ஆல்பம் செய்துவிட்டு டிரம்மர் ஏன் விலகினார்? சம்பளத் தகராறா? (ஈரோடு)

ஈரோட்டுக்காரர் கேள்வி! தகராறு சம்பளத்தில் இல்லை. யெஸ்ஸோடு தன்னால் இதைவிட நன்றாகச் செய்ய முடியாது என்று நினைத்தார், கிங் கிரிம்ஸன் என்ற இன்னொரு ராக் குழுவுக்குப் போய்விட்டார். தட்டு கடைக்கு வருவதற்கு முன்பே, 1972 ஜூலையில். அப்போது கிங் கிரிம்ஸனில் சம்பளமும் குறைவு, சிரிப்பும் குறைவு. உச்சியில் இருக்கும்போது இறங்கிப் போகிறவர்களை நாம் சினிமாவில்கூடப் பார்த்ததில்லை.

பாவம் அடுத்து வந்தவர்தான். ஆலன் வைட், ஜான் லெனனின் 'இமேஜின்' பாட்டுக்கு டிரம்ஸ் வாசித்தவர். அமெரிக்கச் சுற்றுப்பயணம் தொடங்க மூன்றே நாள். அதற்குள் இந்த ஒட்டுப்போட்ட பதினெட்டு நிமிடத்தையும் பதினைந்து எண்ணிக்கையையும் மற்ற பாட்டுகளையும் மனப்பாடம் செய்துகொண்டு ஜூலை 30 அன்று டல்லஸ் மேடையில் ஏறினார். ஏறியவர் 2022-இல் இறக்கும்வரை அந்தக் குழுவில்தான் இருந்தார். தற்காலிக வேலை ஐம்பது வருடம்.

இதன் வால் ஒன்று பாக்கி. அடுத்த வருடம் ப்ரூஃபோர்டின் கல்யாண விருந்தில் ஆண்டர்சன், கிங் கிரிம்ஸனின் தாளக்காரர் ஜேமி மியூரைச் சந்திக்கிறார். மியூர் அவரிடம் பரமஹம்ச யோகானந்தரின் சுயசரிதத்தைப் படிக்கச் சொல்கிறார். அதில் ஒரு அடிக்குறிப்பைப் பிடித்துக்கொண்டு ஆண்டர்சனும் ஹவ்வும் நான்கு பக்கத்துக்கு நான்கே பாட்டு என்று ஒரு இரட்டைத் தட்டு செய்தார்கள். ஒரு பக்கத்தை நிரப்பினவர்கள் நாலு பக்கத்தையும் நிரப்பப் போனால் என்ன ஆகும்? வேக்மனுக்கே பொறுக்கவில்லை. மான்செஸ்டர் மேடையில் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே இந்தியக் கறிச்சாப்பாடு வரவழைத்துச் சாப்பிட்டார். இதை அவரே ஊரெல்லாம் சொல்லிவிட்டார், நான் கோள் சொல்லவில்லை.

என் மகள் பேஸ் கிட்டார் கற்கிறாள். "பின்னால் நின்று டும் டும் என்று வாசிப்பதற்கு எதற்கு இவ்வளவு பணம்" என்று என் கணவர் கேட்கிறார். என்ன பதில் சொல்ல? (கோவை)

பதில் சொல்லாதீர்கள் அம்மா, அவரை உட்கார வைத்து இந்த முதல் பாட்டைப் போடுங்கள். கிறிஸ் ஸ்கொயர் பின்னால் நிற்கவே இல்லை. சிறுவயதில் தேவாலயப் பாட்டுக்குழுவில் பாடியவர், அதனால் பேஸையும் ஒரு குரல் மாதிரிதான் நினைத்தார். அவருடைய ரிக்கன்பேக்கர் கிட்டாரில் கீழ் ஒலியையும் மேல் ஒலியையும் பிரித்து இரண்டு ஆம்ப்ளிஃபையருக்கு அனுப்புவார், விரலால் அல்லாமல் பிளெக்ட்ரம் என்ற சின்னத் தகட்டால் வாசிப்பார். ஆகவே அடியில் அதிர்வும் இருக்கும், மேலே தந்தியின் உறுமலும் பல்லைக் காட்டும். ஆறாவது நிமிடத்துக்குப் பிறகு மற்றவர்கள் பாடிக்கொண்டிருக்க இவர் தன்பாட்டுக்கு வேறொரு வழியில் நடந்துபோவதைக் கேளுங்கள். 2015-இல் போய்ச் சேர்ந்துவிட்டார். மகளிடம் முதல் நாளே இதை வாசிக்கச் சொல்ல வேண்டாம், கிட்டாரை விற்றுவிடுவாள்.

அட்டையில் படமே இல்லை, வெறும் பச்சை. அச்சடிக்கப் பணம் இல்லையா? (விருதுநகர்)

விரித்துப் பார்த்தீர்களா? அது மடித்த அட்டை. வெளியே மேலிருந்து கீழே அடர்த்தி மாறும் பச்சை, அதன்மேல் எழுத்துகள் ஒன்றுக்குள் ஒன்று வழிந்த குழுவின் சின்னம். அந்தச் சின்னம் முதன்முதலில் வந்தது இந்த அட்டையில்தான். உள்ளே விரித்தால் ஓவியர் ரோஜர் டீன் வரைந்த நிலம்: மலை உச்சியில் ஒரு நீர்ப்பரப்பு, ஓரங்களிலிருந்து தண்ணீர் கீழே பனிமூட்டத்துக்குள் விழுந்துகொண்டே இருக்கிறது. இவ்வளவு தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று தெரியாது, தீர்வதும் இல்லை. போன் திரையில் கேட்கிறவர்களுக்கு வெளிப்பச்சை மட்டும்தான் கிடைக்கும்.

'அவதார்' படத்தின் மிதக்கும் மலைகள் தன் ஓவியங்களிலிருந்து வந்தவை என்று டீன் 2013-இல் வழக்குப் போட்டார். நீதிமன்றம் தள்ளுபடி செய்துவிட்டது. நான் நீதிபதி இல்லை, ஆனால் தியேட்டரில் அந்த மலைகள் வந்ததும் "அட, நம்மாளு" என்று பக்கத்து சீட்காரரிடம் சொன்னேன்.

பிங்க் ஃப்ளாய்டை விடவா? (நெய்வேலி)

பிங்க் ஃப்ளாய்ட் கேட்டால் தனியாக இருக்கிற மாதிரி இருக்கும். யெஸ் கேட்டால் வீட்டுக்கு ஆள் வந்த மாதிரி இருக்கும். அன்றன்றைய மனநிலை.

குறையே இல்லாத ஆல்பமா? உண்மையைச் சொல்லுங்கள். (புதுச்சேரி)

இருக்கிறது. 'அண்ட் யூ அண்ட் ஐ'யின் தொடக்கம் எனக்கு உயிர். ஹவ் பன்னிரண்டு தந்திக் கிட்டாரில் சுருதி சரிபார்ப்பது போல மெல்லத் தட்ட, யாரோ "ஓகே" என்கிறார், அதையும் வெட்டாமல் விட்டிருக்கிறார்கள். அந்த அறைக்குள் நம்மையும் உட்காரவைத்த மாதிரி. ஆனால் கொஞ்ச நேரத்தில் மெல்லோட்ரானும் (டேப்பில் பதிந்த ஒலிகளை வாசிக்கிற கீபோர்டு) சின்தசைசரும் சேர்ந்து பெரிய அலையாக எழும்பும். முதல் தடவை சிலிர்க்கும். அதே அலை இன்னொரு தரம் வரும்போது, சரி சரி, தெரிகிறது, பிரம்மாண்டம்தான் என்று சொல்லத் தோன்றும். 'சைபீரியன் கத்ரூ' முடிகிற விதமும் எனக்கு உடன்பாடில்லை, முடிவு கண்டுபிடிக்க முடியாமல் ஒலியைக் குறைத்துக்கொண்டே போய்விட்டார்கள். முதல் பாட்டில் அவ்வளவு அழகாகக் கதவைச் சாத்தத் தெரிந்தவர்கள் இங்கே திறந்து போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள்.

பழைய பதிப்பில் ஒலி சற்று நெரிசலாகவும் இருக்கும். 2013-இல் ஸ்டீவன் வில்ஸன் மூல டேப்புகளிலிருந்து மறுபடி கலந்த பதிப்பு வந்தது, அதில் குரல்கள் தனித்தனியாகப் பிரிந்து கேட்கின்றன. புதிதாகக் கேட்பவர்கள் அதிலிருந்தே தொடங்கலாம். என் காதுக்குப் பழைய நெரிசல்தான் பழகிவிட்டது.

முதன்முதலில் எங்கே கேட்டீர்கள்? (மதுரை, போன இதழில் கேள்வி கேட்ட அதே வாசகர்)

வாங்க, எல்லாம் உங்களால்தான்.

கல்லூரிக் காலத்தில் எங்கள் ஊரில் ஒரு கேசட் ரெக்கார்டிங் கடை இருந்தது. பட்டியல் எழுதிக் கொடுத்தால் இரண்டு நாளில் பதிவு செய்து தருவார்கள். அங்கே சுவரில் இந்தப் பச்சை அட்டை மாட்டியிருந்தது, அதன் நிறத்துக்காகத்தான் கேட்டேன். தொண்ணூறு நிமிடக் கேசட். ஒரு பக்கம் நாற்பத்தைந்து நிமிடம், ஆல்பம் போக ஏழெட்டு நிமிடம் மிச்சம். இடத்தை வீணாக்கக் கூடாது என்று கடைக்காரர் மிச்சத்தில் ஒன்றரை சினிமாப் பாட்டைப் போட்டுக் கொடுத்தார். இரண்டாவது பாட்டு சரணத்தின் நடுவில் டக்கென்று அறுந்துபோகும்.

அதைக்கூட மன்னிக்கலாம். தட்டின் ஆரம்பத்தில் பறவையும் தண்ணீருமாக முக்கால் நிமிடத்துக்கு மேல் வருகிறதே, அதை அவர் தட்டின் கோளாறு என்று நினைத்து, வாத்தியம் பாய்கிற இடத்திலிருந்து பதிவு செய்துவிட்டார். கேட்டதற்கு, "இரைச்சலை எடுத்துட்டுக் கொடுத்திருக்கேன் தம்பி, அதுக்குத் தனியா காசு வாங்கலை" என்றார். ஆக எனக்குப் பல வருடம் இந்தப் பாட்டு அடிதடியில் தொடங்கிப் பறவையில் முடிவது. கடைசியில் வரும் பறவைகளைக்கூட அவர் கடை ஜன்னல் வழியாக வந்தவை என்றுதான் நினைத்திருந்தேன், கடைக்கு எதிரே ஒரு புங்கமரம் உண்டு.

பிறகு வேலைக்குப் போய் முதல் சி.டி. வாங்கிப் போட்டால், பாட்டே வரவில்லை, தண்ணீர் ஓடுகிறது. தப்பான சி.டி. கொடுத்துவிட்டார்கள் என்று நிறுத்தப் போன கை அப்படியே நின்றது. ஆற்றிலிருந்து வந்து ஆற்றுக்கே போகிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

அந்தக் கேசட் இப்போது ஓடாது. ஆனால் இன்றைக்கும் 'சைபீரியன் கத்ரூ' தேய்ந்து அடங்கினதும் இரண்டு வினாடி காத்திருப்பேன், அந்த சினிமாப் பாட்டின் தபேலா தொடங்கும் என்று.